பதிவில் இருந்த தாய்

எமனை ஏமாற்றியதில் எனக்கு வருத்தம் இல்லை. அவன் ஏமாற வேண்டியவன்தான். ஆஸ்பத்திரிக் காப்பையும் சேர்த்து ஏமாற்றிவிட்டோம், அதுதான் தப்பாகப் போயிற்று.

காப்பு என்றால் வெள்ளிக் காப்பு இல்லை. குழந்தைகள் வார்டுக்குள் நுழைந்ததுமே பிள்ளையின் கையில் மாட்டிவிடுகிற சாம்பல் நிற ரப்பர் பட்டை. அதற்கு நீளமாக வேறொரு பெயர் உண்டு, ஜனங்களுக்கு அது காப்புதான். பிள்ளையின் வியர்வையை, நாடியை, மூச்சை அது பார்த்துக்கொண்டே இருக்கும். மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் தோலில் தடிப்பு எழும்புவதற்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடும் என்கிறார்கள். பச்சை விளக்கு எரிந்தால் மருந்து ஓடலாம். மஞ்சள் எரிந்தால் டாக்டர் வந்து பார்ப்பார். சிவப்பு எரிந்தால் அந்த மருந்து இருக்கிற அலமாரி தானாகப் பூட்டிக்கொள்ளும். கலெக்டரே வந்து கேட்டாலும் திறக்காது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "பிள்ளையத் தொட்டுப் பாக்காம வளையலத் தொட்டுப் பாக்குறீக" என்று முதல் நாளே சத்தமாகச் சொன்னேன். நர்ஸ் முறைத்தது. முறைக்கட்டும்.

நாங்கள் கொண்டுபோன பிள்ளைக்குப் பதிவில் பெயர் நறுமுகை. வீட்டில் தவிட்டாயி. மூன்று வயது. என்னை அப்பா என்று கூப்பிடும். எனக்கு வயது அறுபத்தெட்டு. பார்க்கிறவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். அவனுக்கு நான் விளக்கம் சொல்வதில்லை. இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிள்ளையைப் பெற்றவள் யாழினி, எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். பி.எஸ்சி. படித்தவள். புருஷனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதியைக் கடலில் கழிக்கிறவன். அவர்களுக்கு முதல் பிள்ளை பிறந்த வாரத்திலேயே போய்விட்டது. அடுத்தது பல் முளைக்கும் முன்னே போனது. ஏன் என்று கேட்டதற்கு எந்த டாக்டரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. மூன்றாவது வயிற்றில் தங்கியபோது யாழினி என் பெண்டாட்டி முத்துராக்குவிடம் வந்து நின்றாள். முத்துராக்கு எனக்கு இரண்டாம் தாரம், என்னைவிட ரொம்ப இளையவள். பெற்ற நாலும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கின்றன.

"பெரியம்மா, இந்தப் பிள்ளைய நீங்க தவிட்டுக்கு வாங்கிக்கங்க" என்றாள்.

பிள்ளை தங்காத வீட்டில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையை ஒரு முறம் தவிட்டுக்கு இன்னொருத்தியிடம் விற்றுவிடுவார்கள். வாங்கியவள்தான் இனித் தாய். எமன் பழைய வீட்டுக்கு வந்து, இங்கே பிள்ளை ஏது என்று திரும்பிப் போய்விடுவானாம். பெற்றவள் அதன் பிறகு தன் வாயால் 'என் மகள்' என்று சொல்லக்கூடாது. அந்தச் சொல் பிள்ளையின் காதில் விழுந்தால் எமன் காதில் விழுந்த கணக்கு. வியாபாரம் முறிந்தது, பிள்ளையும் போச்சு.

"தவிடு மாட்டுக்கு வைக்கிறது தாயி. எமனுக்கு வைக்கிறதில்ல" என்றேன்.

கேட்கவில்லை. அதோடும் நிற்கவில்லை, படித்தவள் அல்லவா. "இப்ப எல்லாமே கம்ப்யூட்டர்லதான இருக்கு பெரியப்பா? ஊருக்குள்ள மட்டும் மாத்திட்டு, அங்க என் பேரு கெடந்தா அவன் அங்க பாக்க மாட்டானா?" என்றாள். பிரசவம் பார்த்த நர்ஸ் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தது. பிறப்புப் பதிவிலேயே தாய் முத்துராக்கு, தகப்பன் நான் என்று ஏற்றிவிட்டார்கள். எழுத்து அறியாத நாங்களாக இருந்தால் முறத்தோடு நிறுத்தியிருப்போம்.

அன்றிலிருந்து யாழினி அந்தப் பிள்ளைக்கு அக்கா. பால் கொடுத்ததும் அக்காதான். மடியில் போட்டுத் தட்டும்போது வாய் தவறிவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டே தட்டுவாள். நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைக்கு விடாத காய்ச்சல் வந்தது, உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நான் பிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் முத்துராக்குவின் கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

"காச்ச பிள்ளைக்கு. இவ ரத்தம் எதுக்கு?" என்றேன்.

டாக்டரம்மா பெயர் ஷாஹிதா. சின்ன வயசு, கண்ணில் தூக்கமில்லாத களைப்பு. பொறுமையாகத்தான் சொன்னார். "ஐயா, பாப்பாவுக்கு ரத்தத்துல கிருமி ஏறியிருக்கு. ரத்தமும் ரொம்பக் கம்மி. அதனால தேவையில்லாம குத்தக்கூடாதுன்னு விதி. நாங்க போடப்போற ஊசி நல்ல ஊசிதான். சில குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு மட்டும் ஆகாது. அந்தக் கோளாறு தாய் வழியாத்தான் இறங்கும், அப்பா வழியா வரவே வராது. அம்மா ரத்தத்தப் பாத்தா போதும், பிள்ளையத் தொட வேண்டாம். அதைக் காப்புக்குச் சொல்லிட்டா மிச்சத்த அது பாத்துக்கும்."

"அப்ப நான் எதுக்கு இங்க நிக்கிறேன்?"

"காப்பி வாங்கிட்டு வர" என்றாள் முத்துராக்கு.

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாழினியைப் பார்த்தேன். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

நான் நேரே சொல்லிவிட்டேன். "டாக்டரம்மா, அந்த ரத்தம் செல்லாது. இவ பெத்த பிள்ளை இல்ல இது."

டாக்டரின் முகம் மாறியது. கையிலிருந்த கம்ப்யூட்டர்ப் பலகையைத் தட்டிப் பார்த்தார். "பதிவுல இவங்கதான் அம்மா. நீங்கதான் அப்பா."

"அப்பனும் நான் இல்ல."

அவ்வளவுதான். இரண்டாம் தாரத்துக்காரன், நரைத்த கிழவன், பக்கத்தில் இளவயசுப் பெண்டாட்டி. அந்தம்மாவின் நினைப்பு எங்கே போய் நின்றது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

"இந்த வயசுல, இந்த இடத்துல வந்து இதப் பேசுறீங்களே, வெக்கமா இல்ல?" என்றார். "வாரத்துக்கு ஒருத்தர் வர்றீங்க. பிள்ளை உயிருக்குப் போராடும், நீங்க பொண்டாட்டி மேல சந்தேகத்தக் கெளப்புவீங்க."

"யாரு சந்தேகப்பட்டா? அந்தா நிக்கிறாளே, பெத்தவ அவ!"

"ஏம்மா, நீங்க யாரு?"

யாழினி நிமிர்ந்தாள். "அக்கா. பக்கத்து வீடு" என்றாள். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

"முத்துராக்கு, நீயாவது சொல்லித் தொலையேன்டி!"

முத்துராக்கு என்னைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை முழித்துக்கொண்டுதான் இருந்தது. "நான் பெத்த பிள்ளைதான் மேடம். இவருக்கு வெயில்ல வந்தா கொஞ்சம் கலங்கிரும்" என்றாள்.

செக்யூரிட்டி வந்து என் முழங்கையைப் பிடித்தான். "வா பெருசு, வெளிய காத்தாட நிப்போம்" என்றான். பார்வை நேரத்துக்கு மட்டும்தான் இனி உள்ளே விடுவார்கள் என்று ஆனது.

வாசலில் வைத்து முத்துராக்குவிடம் கத்தினேன். அவள் கத்தவில்லை. "அந்தப் புள்ள ரெண்டக் குழியில போட்டவ. மூணாவதுக்கு அவ நம்புறது இது ஒண்ணத்தான். நான் வாங்கும்போது சத்தியம் பண்ணித்தான் வாங்குனேன். நெலம நெருக்கடின்னதும் கைய விட்டா நான் என்ன பொம்பள?" என்றாள். "ஒனக்கு எதுலயும் நம்பிக்க இல்ல. ஒனக்கு ஈசி."

நான் வாசலிலேயே துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டேன்.

காப்பில் பச்சை எரிந்தது. ஊசி மருந்து ஓடியது. காய்ச்சலும் இறங்கியது, அதை மறைக்கக்கூடாது. பார்வை நேரத்தில் உள்ளே போனால் தவிட்டாயி எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. யாழினியின் முகத்தில் ஒரு வெளிச்சம். பார்த்தீர்களா பெரியப்பா, தவிடு வேலை செய்கிறது என்று சொல்லாமல் சொல்கிற முகம்.

பிறகு ஒருநாள் மத்தியானம் போனபோது காப்பில் மஞ்சள் எரிந்தது. கட்டிலைச் சுற்றி டாக்டரும் நர்ஸும் நின்றார்கள்.

"என்னாச்சு?"

டாக்டருக்கு என்னிடம் பேச இஷ்டமில்லை. ஆனாலும் பதிவில் நான்தானே தகப்பன். "காப்பு அப்பப்ப சின்னதா ஒரு சத்தம் கொடுக்கும் ஐயா. பிள்ளைக்குக் கேட்டா நாடி லேசா எகிறும். ரெண்டு நாளா சரியா எகிறல. காது மந்தமாகுது."

"ஊசியாலயா?"

"அந்த ஊசிக்கு அப்படி ஒரு கெட்ட பேரு உண்டுதான். ஆனா அம்மா வழியில அந்தக் கோளாறு இல்லைன்னு ரத்தம் சொல்லுது. அதனால காப்பு கணக்குப் போட்டு, இது காய்ச்சல் மூளை வரைக்கும் ஏறுனதால வந்ததுன்னு சொல்லுது. மருந்தக் கூட்டச் சொல்லியிருக்கு."

"கூட்டவா?"

"ஆமா. சாயங்காலத்துலருந்து."

யாழினியின் தம்பி ஒருத்தன் இருக்கிறான், லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவன். சின்ன வயசில் காய்ச்சலுக்கு ஊசி போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தபோது காது போயிருந்தது. அவனை ஊரே செவிடன் என்றுதான் கூப்பிடும். கூப்பிட்டாலும் அவனுக்குக் கேட்கப் போவதில்லை என்று ஒரு கேலி வேறு.

"டாக்டரம்மா, என்னய நீங்க கிறுக்கன்னே வச்சுக்கங்க. சந்தேகப் பிராணின்னே வச்சுக்கங்க. இந்தா நிக்கிறாளே, இவ கூடப் பொறந்த தம்பிக்கு ஊசி போட்டுத்தான் காது போச்சு. ஒரே வயிறு. அத மட்டும் கேளுங்க."

டாக்டர் யாழினி பக்கம் திரும்பினார். "நெஜமா?"

"அது காய்ச்சல்ல போனதுன்னு அம்மா சொல்லும்" என்றாள் யாழினி. சொல்லிவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவள் படித்தவள். நான் சொல்லி அவளுக்குப் புரிய வேண்டியதில்லை, டாக்டர் சொன்னதும் தம்பியின் கதையும் அவள் தலைக்குள் ஒன்றோடொன்று போய் முட்டுவதை நான் கண்ணால் பார்த்தேன்.

முத்துராக்குதான் முதலில் உடைந்தாள். "நான் பெறல மேடம். தவிட்டுக்கு வாங்குனேன்" என்று சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் முழுவதையும் கேட்டார். திட்டவில்லை. ஓடிக்கொண்டிருந்த சொட்டு மருந்தை முதலில் கையாலேயே நிறுத்தினார்.

"நிறுத்திட்டீகல்ல? அப்ப சரியாப்போச்சு" என்றேன்.

"சரியாகல ஐயா. நிறுத்திட்டா கிருமி திரும்ப ஏறும், பிள்ளை தாங்காது. வேற மருந்து இருக்கு. சிறுநீரகத்தப் பதம் பாக்குற மருந்து. அதனால இந்த ஊசி ஆகாதுன்னு காப்பு ஒத்துக்கிட்டாத்தான் அந்த அலமாரி திறக்கும். காப்பு ஒத்துக்கணும்னா தாய் யாருன்னு பதிவு மாறணும்."

"மாத்துங்க. இவ ரத்தத்த எடுங்க."

"ரத்தம் மட்டும் பத்தாது. பிள்ளை கடத்துறவங்க ஆஸ்பத்திரில வந்து தாய் பேரை மாத்திட்டுப் போனாங்கன்னு சட்டத்த இறுக்கிட்டாங்க. பெத்தவங்க பிள்ளை பக்கத்துல உக்காந்து, காப்பத் தொட்டுக்கிட்டு, 'இது நான் பெற்ற மகள்'னு வாயால சொல்லணும். குரல் பதிவாகணும்."

யாழினி பேயறைந்த மாதிரி நின்றாள்.

"வெளிய போய்ச் சொல்றேன் மேடம். எழுதித் தர்றேன். ரெண்டு கைரேகையும் வைக்கிறேன்."

"முடியாதும்மா."

"அவ தூங்குனதுக்கப்புறம் சொல்லட்டுமா?"

பிள்ளை கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருந்தது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "காத்திருக்க நேரம் இல்ல."

"அவளுக்குத்தான் காது கேக்கலைன்னு சொன்னீங்களே? சுத்தமாக் கேக்காதுதான?"

ஒரு தாய் அப்படிக் கேட்டதை என் காதால் கேட்டேன். டாக்டருக்கும் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு மிச்சம் இருக்குன்னு இன்னும் தெரியலம்மா. கொஞ்சம் கேக்கலாம். பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

யாழினி என்னைப் பார்த்தாள். "பெரியப்பா, நான் சொல்லி இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"சொல்லாட்டியும் ஆகும் தாயி."

வேறு எப்படிச் சொல்வது? ஆறுதல் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் இல்லை.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். காப்பைத் தொட்டாள். தவிட்டாயி அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விளையாட வந்தது. யாழினி கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள்: "இது நான் பெற்ற மகள்."

காப்பு ஒரு சத்தம் கொடுத்தது. யாழினியின் கையில் ரத்தம் எடுத்துக்கொண்டு நர்ஸ் ஓடியது. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் அணைந்து சிவப்பு எரிந்தது. பழைய அலமாரி பூட்டிக்கொள்கிற சத்தமும் புது அலமாரி திறக்கிற சத்தமும் ஒன்றாகக் கேட்டன. யாழினி கண்ணைத் திறக்கவே இல்லை. பிள்ளையின் மார்பில் கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம்வரை அந்தக் கை நகரவில்லை.

இதற்குள் வார்டு முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. காப்பு தாய் யார் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒருத்தி சொன்னாள். தகப்பன் யார் என்றும் காட்டும் என்று அடுத்தவள் கூட்டிச் சொன்னாள். அது பொய். ஆனால் பயம் பொய்யைப் பார்த்தா நிற்கும்? எதிர்க் கட்டிலில் ஒரு பெண், பிள்ளைக்கு வலிப்பு என்று வந்திருந்தவள். மறுநாள் காலையில் பிள்ளையின் கையிலிருந்த காப்பைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கட்டிலில் போட்டுவிட்டு, பிள்ளையைச் சேலைக்குள் மூடிக்கொண்டு வேகமாக நடந்தாள். டாக்டர் படிக்கட்டுவரை பின்னாலேயே ஓடினார். "ஏம்மா, நில்லும்மா, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம்!"

"என் புருஷன் கேப்பான்" என்றாள் அவள். நிற்கவில்லை.

ஜன்னலோரக் கட்டில்காரர்களும் போனார்கள். அவர்கள் பிள்ளையைத் தத்து எடுத்தது பிள்ளைக்கே தெரியாதாம். போனவர்களின் பிள்ளைகள் என்ன ஆயின என்று எனக்குத் தெரியாது. டாக்டர் அன்றைக்கு நடையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்களை நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது ஐயா."

"பதிவப் பாத்தீக, பேசுனீக. பதிவுல பொய்ய ஏத்துனது நாங்க."

"மெஷின் பொய் சொல்லல. அதுகிட்ட நாமதான் சொன்னோம்."

"அப்ப பொய் சொல்லுறவங்க ஒலகத்துக்கு ஒரு மெஷின் செய்யச் சொல்லுங்க" என்றேன். "எல்லாரும் நெசம் சொல்லுவாகன்னு நெனச்சு ஒரு சாமான் செஞ்சா, அது யாருக்கு ஆகும்?"

பதில் தெரிந்து நான் கேட்கவில்லை.

புது மருந்து கேட்டது. பிள்ளையின் உடம்பில் வீக்கம் வந்து வடிந்தது. யாழினி தினமும் காலையில் பிள்ளை கண் விழிக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எமன் எந்த வழியாக வருவானோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தத்தில் கிருமி இல்லை என்று வந்த பிறகு காதுப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். தலையில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். டாக்டரே வந்து சொன்னார்.

"காது ரெண்டும் போயிருச்சு யாழினி. கொஞ்சம்கூட இல்ல. கருவி வச்சுப் பாக்கலாம், பேச்சுப் பயிற்சி இருக்கு, அதெல்லாம் அப்புறம் பேசுவோம். ஆனா போனது போனதுதான்."

அவள் விழுந்து அழுவாள் என்று முத்துராக்கு தோளைப் பிடிக்கப் போனாள்.

"எப்பப் போயிருக்கும் மேடம்?" என்றாள் யாழினி.

"மஞ்சள் எரிஞ்ச அன்னைக்கே முக்கால்வாசி போயிருக்கும். அன்னைக்குக் காலையில அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டப்பவே திரும்பலைன்னு நர்ஸ் சொன்னாங்க."

"அப்ப நான் சொன்னது அவ காதுல விழலயா?"

டாக்டருக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் மெதுவாகத் தலையசைத்தார். "விழுந்திருக்காதும்மா. காப்புதான் கேட்டுப் பதிவு பண்ணிக்கிச்சு."

"அது கெடக்கட்டும். அதுக்கு உசுரு இல்ல."

அப்புறம்தான் அவள் அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. காது போனதற்கா, தவிட்டு வியாபாரம் முறியாமல் தப்பியதற்கா? இரண்டும் ஒரே கண்ணீரில் வந்தன. டாக்டர் போய்விட்டார். யாழினி முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் ஏறி, தவிட்டாயியை மடியில் எதிர்முகமாக உட்காரவைத்தாள். பிள்ளையின் இரண்டு காதுகளையும் உள்ளங்கையால் மூடினாள். மூட வேண்டியதில்லை. மூடினாள்.

"மகளே" என்றாள், காற்று மாதிரி. பிள்ளை சிரித்தது. இன்னும் கொஞ்சம் சத்தமாக, "என் மகளே." பிறகு கட்டுக்கடங்கவில்லை. "நான் பெத்த மகளே, என் வயித்துல பொறந்த ராசாத்தி, என் மகளே, என் மகளே" என்று மூன்று வருஷமாக உதட்டைக் கடித்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். தவிட்டாயி புது விளையாட்டு என்று நினைத்து, அசைகிற அந்த உதடுகளை விரலால் பிடிக்கப் பார்த்தது. முத்துராக்கு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திடீரென்று யாழினி நிறுத்தினாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அப்போதுதான் பார்த்திருக்கிறாள். அவள் முகத்தில் மறுபடியும் அந்தப் பயம்.

"பெரியப்பா, நான் சொன்னது ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

"எனக்குக் காது மந்தம் தாயி" என்றேன்.